வடிக்காத தண்ணீர்

அந்த ஆண்டு அவர் தண்ணீரை வடிக்கவில்லை. எனக்கு முதன்முதலாகப் பயம் தட்டியது அதில்தான்.

எங்களிடம் ஒரு பூபில் இருந்தது. படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கிற பயண வண்டிக்கு இங்கே அதுதான் பெயர். நோர்வேஜியர்கள் ஓய்வு பெற்றதும் அதில் ஏறி வடக்கே போய்விடுவார்கள். என் கணவரும் பஸ் ஓட்டிய வேலையை விட்ட கையோடு பழசாக ஒன்றை வாங்கிவந்து, நகரத்தின் ஓரம் மேட்டில் இருக்கிற வெஸ்ட்லியில், எங்கள் மாடிக்கட்டடத்துக்குக் கீழே, வாகனங்கள் விடுகிற இடத்தின் ஓரத்தில் நிறுத்தினார். ஆயுள் முழுக்க வண்டி ஓட்டியவருக்கு இன்னொரு வண்டி என்னத்துக்கு என்று கேட்டேன்.

"அது மற்ற ஆக்களுக்கு ஓடினது" என்றார்.

ஒவ்வோர் ஆண்டும் கார்க் கண்ணாடிகளில் முதல் உறைபனி படிகிற கிழமையில் அவர் அந்த வண்டியின் தண்ணீரை வடிப்பார். பம்பை நிறுத்துவார். தண்ணீர்த் தாங்கியின் அடைப்பைக் கழற்றுவார். எல்லாக் குழாய்களையும் திறந்து, சுடுதண்ணீருக்கும் பச்சைத்தண்ணீருக்கும் நடுவில் கைபிடியை நிறுத்திவிடுவார். குளிக்கிற குழாயைக் கழற்றித் தரையில் தொங்கவிட்டு உதறுவார். அதன் பிறகும் திருப்தி வராது. முகம் சிவக்கச் சிவக்கக் குழாய்க்குள் வாயால் ஊதுவார். நான் சிரிப்பேன்.

"சிரியாதையும். வளைவிலை ஒரு மடக்குத் தண்ணி நிண்டாலே காணும், வெடிச்சுப்போடும்."

கல்யாண வீட்டுக்குப் புறப்படுகிறபோதுகூட அவர் அவ்வளவு கவனமாக இருந்ததில்லை. வடித்து முடித்துப் பூட்டிவிட்டு மேலே வந்து, இனிப் பங்குனிக்குப் பிறகுதான் என்று சொல்லிக் கைகளைச் சூடான தண்ணீரில் கழுவுவார். அதோடு எங்கள் வீட்டில் குளிர்காலம் தொடங்கிவிடும்.

அந்த ஆண்டும் உறைபனி வந்தது. காலையில் கீழே ஆட்கள் கண்ணாடி சுரண்டுகிற சத்தம் கேட்டது. அவர் அசையவில்லை. அடுத்த கிழமையும் அசையவில்லை. பிறகு ஒரு நாள் இரண்டு எரிவாயுச் சிலிண்டர்களையும், குழாய்களைச் சுற்றிப் போடுகிற நுரை உறைகளையும் கொண்டுவந்து இறக்கினார். தண்ணீரை வடிக்காவிட்டால் வண்டியைச் சூடாக வைத்திருக்க வேண்டும். சூடாக வைத்திருக்க உள்ளே ஆள் இருக்க வேண்டும். அதைக் கூட்டிக் கழித்துப் பார்க்க எனக்குப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை.

சண்டை ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் சனத்துக்குச் சொல்லவாவது ஒரு கதை இருந்திருக்கும். ஒரு சனிக்கிழமை தலையணையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"உள்ளுக்கை எனக்கு மூச்சு முட்டுது. கொஞ்ச நாளைக்கு அங்கை படுக்கிறன்."

"படுங்கோ" என்றேன். அவ்வளவுதான்.

எங்கள் ஆட்களுக்குப் பிரிவு என்றால் சத்தம் வேண்டும், அழுகை வேண்டும், இரண்டு பக்கமும் ஆள் சேர்க்க வேண்டும். வீட்டுக்குக் கீழே நிற்கிற வண்டியில் கணவர் படுக்கிறார் என்பதற்கு நம்மிடம் சொல்லே கிடையாது. அதே கட்டடத்தில் இருக்கிற ஒரு அக்கா லிப்டில் வைத்து, "அண்ணையை வண்டியடியிலைதான் எந்த நேரமும் காணுறன், எங்கையும் பயணமோ?" என்று கேட்டார். குளிர்காலப் பயணத்துக்குப் பழகிப் பார்க்கிறார் என்றேன். பெர்கனில் இருக்கிற மகள் தொலைபேசியில் அப்பா எங்கே என்று கேட்டால், கீழே நிற்கிறார் என்பேன். அதில் பொய் இல்லை.

ஒரு நாள் புட்டும் கறியும் கட்டிக்கொண்டு கீழே போனேன். உள்ளே நன்றாகச் சூடாகத்தான் இருந்தது. தண்ணீர்க் குழாய்கள் போகிற அலமாரிகளின் கதவுகளையெல்லாம் சூடு போவதற்காகத் திறந்து வைத்திருந்தார். கழுவிய பாத்திரங்கள் துணியில் கவிழ்த்திருந்தன. ஒரு தட்டு, ஒரு கோப்பை, ஒரு கரண்டி. நான்கு பேருக்கு என்று நானே தேடி வாங்கிய செட் அது. மற்றவற்றை எங்கே வைத்தார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அவரோ இருக்கைப் பலகையைத் தூக்கி, தண்ணீர் சுடவைக்கிற பொயிலருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சிறிய குமிழைக் காட்டத் தொடங்கினார். உறைவு வால்வாம். உள்ளே உறைகிற அளவுக்குக் குளிர் இறங்கப் பார்த்தால், யாரும் தொடாமலே அது திறந்து, பொயிலரில் இருக்கிற தண்ணீரையெல்லாம் வண்டிக்கு அடியில் கொட்டிவிடுமாம்.

"அதுக்குப் புத்தி இருக்கு. உள்ளுக்கை வைச்சு வெடிக்கிறதைவிட வெளியிலை ஊத்திறது நல்லதெண்டு அதுக்குத் தெரியும்."

மாதக்கணக்கில் என்னோடு கதைக்காத மனிதர் ஒரு குமிழைப் பற்றி இவ்வளவு கதைக்கிறாரே என்று எனக்கு எரிச்சல் வந்தது. இருந்தாலும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வால்வுதான் பிறகு எனக்குத் துணையாக இருந்தது. வெளியே போகிறபோது அவர் வெப்பத்தை நிறுத்திவிட்டுப் போவார். ஆள் இல்லாத வண்டியில் எரிவாயு எரிவது அவருக்குப் பயம். பகலில் நூலகத்துக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் வால்வு திறந்து, வண்டிக்கு அடியில் தண்ணீர் கொட்டி, பனியில் கறுப்பாக ஒரு திட்டு விழுந்திருக்கும். கட்டடத்தின் வெளிக்குழாய் குளிர்காலத்துக்கு அடைத்தாகிவிட்டது. ஆகவே வண்டியைத் திரும்பச் சூடாக்கிவிட்டு, கலனைத் தூக்கிக்கொண்டு மேலே வருவார்.

"ஒரு கலன் தண்ணி எடுக்கட்டே?"

"எடுங்கோ. தேத்தண்ணி வைக்கவோ?"

"ஓம், வையும்."

குளியலறையில் கலன் நிறைகிற சத்தம் கேட்கும். அவர் சமையலறையில் நின்றபடியே குடிப்பார், உட்கார மாட்டார். ஆனாலும் அந்தக் கொஞ்ச நேரம் வீட்டில் இரண்டு பேர் இருப்போம். நான் வானிலை பார்க்கத் தொடங்கினேன். நாளைக்கு இன்னும் குளிரும் என்று போட்டிருந்தால் சந்தோஷப்பட்டேன். குளிர் கூடினால் வால்வு திறக்கும், வால்வு திறந்தால் அவர் வருவார். என் புருஷன் படுக்கிற தகரப்பெட்டிக்கு மேல் குளிர் இறங்க வேண்டும் என்று நான் சாமியிடம் கேட்டிருக்கிறேன். அது எப்படிப்பட்ட வேண்டுதல் என்று அப்போதே எனக்குத் தெரிந்திருந்தது.

சமையலறை யன்னலில் நின்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது. வண்டியின் பக்கவாட்டில் வெப்பக்கருவியின் புகைவாய் இருக்கிறது. அதிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தால் உள்ளே எரிகிறது, அவர் இருக்கிறார். ஆவி இல்லாமல், கீழே ஈரம் இருந்தால் வண்டி குளிர்ந்துவிட்டது. இந்த இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவேன்.

பொங்கல் கழிந்து ஒரு கிழமை அவர் மேலே வரவேயில்லை. கீழே ஈரமும் இல்லை. தொலைபேசியில் எடுத்தேன்.

"என்ன, தண்ணி வேண்டாமோ?"

"வேண்டாம். வால்வு இனித் திறக்காது. அந்தக் குமிழிலை உடுப்புக் கொழுவுற கிளிப் ஒண்டைக் கவ்வ விட்டிட்டன்."

"அப்ப உறைஞ்சால்? பொயிலர் வெடிக்குமெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்!"

"உறைய விடமாட்டன்."

"ஏன் இப்பிடிச் செய்யிறியள்?"

அந்தப் பக்கம் அலமாரிக் கதவு ஒன்றைத் திறந்து வைக்கிற சத்தம் கேட்டது.

"ஒவ்வொரு நாளும் மேலை வந்து நிக்கிறது எனக்குச் சரிவரேல்லை" என்றார்.

கிளிப் எங்கள் குளியலறைக் கொடியில் இருந்ததுதான். கடைசியாகத் தண்ணீர் எடுக்க வந்தபோது கழற்றிக்கொண்டு போயிருக்கிறார். தேநீரைக் குடித்துக்கொண்டு நின்றபோது அது அவர் சட்டைப்பைக்குள் இருந்திருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கொடியில் இருந்த மற்றக் கிளிப்களையும் அள்ளிக் குப்பையில் போட்டேன்.

அதன் பிறகுதான் உண்மையான குளிர் வந்தது. எங்கள் மேட்டில் எப்போதும் நகரத்தைவிட இரண்டு மூன்று பாகை குறைவாக இருக்கும். அந்தக் கிழமை மூக்குக்குள் மயிர் விறைத்தது. மெட்ரோ தண்டவாளம் புதுவிதமாகக் கிறீச்சிட்டது. வேலையிடத்தில் எல்லோரும் குளிரைப் பற்றியே கதைத்தார்கள். நான் மட்டும் அந்தப் பேச்சில் சேரவில்லை.

அன்று எனக்குக் காலை வேலை. யன்னலில் நின்று பார்த்தேன். விளக்குக் கம்பத்தின் கீழே வண்டி வெள்ளையாக நின்றது. புகைவாயில் ஆவி இல்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பப் பார்த்தேன். இல்லை. ஆனால் கீழே பனி சுத்தமாக இருந்தது, ஒரு சொட்டு ஈரமில்லை. தண்ணீர் கொட்டவில்லையென்றால் உள்ளே இன்னும் சூடு இருக்கிறது, இப்போதுதான் நிறுத்தியிருப்பார் என்று என்னை நானே தேற்றிக்கொண்டு பையை எடுத்தேன். லிப்டின் கதவு மூடிய பிறகுதான் கிளிப் நினைவுக்கு வந்தது. அந்த வண்டி உள்ளே கல்லாக உறைந்திருந்தாலும் வெளியே ஒரு சொட்டுக் காட்டாது. கீழே இறங்கியதும் வண்டியடிக்கு ஓடினேன்.

வண்டியின் மறுதிறப்பு என் சாவிக்கொத்தில் இருந்தது. கதவின் ரப்பர் உறைந்து ஒட்டியிருந்தது. வண்டிச் சுவரில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு இழுத்தேன். யன்னல்களின் உட்பக்கமெல்லாம் பனி பூத்திருந்தது. குழாயின் வாயில் ஒரு விரல் நீளத்துக்கு ஐஸ் தொங்கியது. அவர் தொப்பியோடு, குளிர்ச்சட்டையோடு, போர்வைக்குள் சுருண்டு கிடந்தார்.

"இஞ்சேருங்கோ" என்றேன். "இஞ்சேருங்கோ!"

கண்கள் பாதி திறந்தன. நடுக்கம் இல்லை. முதியோர் இல்லத்தில் இவ்வளவு காலம் வேலை செய்தவள் நான். குளிர்ந்தவர் நடுங்குகிற வரைக்கும் பரவாயில்லை, நடுக்கம் நின்றால்தான் பயப்பட வேண்டும் என்று எனக்குத் தெரியும். அம்புலன்ஸுக்கு எடுத்துப் பேசினேன். பிறகு என் குளிர்ச்சட்டையைக் கழற்றி அவர்மேல் போட்டு, சப்பாத்தோடேயே போர்வைக்குள் புகுந்து அவரை இறுக்கிக்கொண்டு கிடந்தேன். அவரை நான் தொட்டு எவ்வளவு காலம். மரக்கட்டை மாதிரிக் கிடந்தார்.

"பைப்... உடைஞ்சிட்டுதோ?" என்றார். நாக்குக் குழறியது.

"பைப்பும் மண்ணாங்கட்டியும்" என்று கத்தினேன். "ஏன் மேலை வரேல்லை? வீட்டுத் திறப்பு உங்கடை பொக்கெற்றுக்குள்ளைதானே கிடக்கு?"

ஒரு சிலிண்டர் முடிந்துவிட்டது, மற்றதன் வாயில் பனி இறுகி எரிவாயு வரவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அதெல்லாம் ஒரேயடியாக நடக்கிற காரியம் இல்லை. குளிர் மெல்ல மெல்லத்தான் இறங்கியிருக்கும். எழுந்து வருவதற்கு அவருக்கு நேரம் இருந்திருக்கிறது. எங்கள் கட்டடத்தில் லிப்டும் வேலை செய்தது.

அம்புலன்ஸில் ஒரு இளம்பெண்ணும் ஒரு ஆணும் வந்தார்கள். அவரை ஆட்டாமல் தூக்கிப் படுக்கையில் வைத்து, சூட்டுப் போர்வை சுற்றினார்கள். நல்ல நேரத்தில் கண்டிருக்கிறீர்கள், பயப்பட வேண்டாம், தப்பிவிடுவார் என்று அந்தப் பெண் சொன்னாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இவர் தனியாகவா வசிக்கிறார்?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டாள்.

இல்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள், "யா" என்றார் அவர். ஆம் என்று. அதுவரை குழறிக்கொண்டிருந்தவர் அதை மட்டும் தெளிவாகச் சொன்னார்.

அந்தப் பெண் போர்வையின் பட்டியை இறுக்குவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவர்மேல் கிடந்த என் குளிர்ச்சட்டையையும் பார்த்தாள்.

"அப்படியென்றால் நீங்கள் யார்?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடவில்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று கேட்கக் காத்திருந்தார்.

"மேலே, நாலாம் மாடியில் இருக்கிறேன்" என்றேன்.