மதிய நேரலையில் வந்த முதல் பதில்

வேப்பமரத்தில் பேய் இருக்கிறது என்று யாராவது சொன்னால், அதன் அடியிலேயே பாய் விரித்துப் படுக்கிற ஆள் நான். ஜோசியம், கண் திருஷ்டி, எதிலும் நம்பிக்கை கிடையாது, கேலிதான் செய்வேன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன் என்பதற்காகவாவது முழுசாகக் கேளுங்கள். கேட்டுவிட்டுச் சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

முகப்பேரில் வாடகை வீடு. சாப்ட்வேர் வேலை, வீட்டிலிருந்தே. சின்ன வயதிலிருந்து காமிக்ஸ் பைத்தியம் என்பதால், தினமும் மதியம் ஒன்றரை மணிக்குப் பதினைந்து நிமிடம் இணையத்தில் நேரலையாகக் காமிக்ஸ் செய்திகள் சொல்லிக்கொண்டிருந்தேன். எந்தக் கதை மறுபதிப்பாக வருகிறது, எந்த இதழ் அச்சகத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது, எந்தப் பழைய புத்தகக் கடையில் யாருக்குப் புதையல் கிடைத்தது, இதுதான் விஷயம். ஒரு நூறு பேர் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து பார்ப்பார்கள்.

நேரலை என்று பெயர்தானே தவிர, நான் பேசுவது அவர்கள் போனுக்குப் போய்ச் சேர இருபது வினாடி ஆகும். அதனால் ஒரு கேள்வி கேட்டால், பதில் வரும்வரை எதையாவது பேசி ஒப்பேற்ற வேண்டும். "சொல்லுங்க, சொல்லுங்க, வெயிட் பண்றேன்" என்று கமெண்ட் ஓடுகிற திரையையே பார்த்துக்கொண்டிருப்பேன். பழகிப்போன வேலை அது.

எனக்குப் பின்னால் ஆறடி உயர இரும்பு அலமாரி. கேமராவில் எடுப்பாகத் தெரியட்டும் என்று, கெட்டி அட்டை போட்டுத் தைத்த பழைய தொகுப்புகளையெல்லாம் மேல் தட்டில் அடுக்கியிருந்தேன். கனமானதைக் கீழே வையுங்கள் என்று என் மனைவி சுதா தலைபாடாக அடித்துக்கொண்டாள். வாடகை வீட்டில் துளை போட்டால் வீட்டுக்காரர் கத்துவார் என்று அலமாரியைச் சுவரோடு சேர்த்து முடுக்கவும் இல்லை. புத்தி கெட்டவன் நான், வேறென்ன.

அன்றைக்கு எங்கள் மகள் இனியாவுக்கு லேசான காய்ச்சல். மூன்று வயது. பள்ளிக்கு அனுப்பவில்லை, சுதா வேலைக்குப் போய்விட்டாள். அலமாரிக்குக் கீழே குட்டி பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, வண்ணப் பென்சிலைக் கொடுத்து உட்கார வைத்தேன். என் முதுகும் நாற்காலியும் மறைத்ததில் கேமராவில் அவள் துளியும் தெரியவில்லை, ஆரம்பிக்கும் முன் பார்த்துக்கொண்டேன். எனக்குக் குழந்தை இருப்பதையே நிகழ்ச்சியில் ஒருநாளும் சொன்னதில்லை. அது சுதா போட்ட கட்டளை.

"அடுத்து எந்தக் கதை மறுபதிப்பா வரணும்?" என்று கேட்டேன். கேட்டு வாயை மூடவில்லை, இருபது வினாடி எங்கே, இரண்டு வினாடிகூட ஆகவில்லை, ஒரு பதில் வந்து விழுந்தது. தினமும் தவறாமல் வருகிற ஆவடி தேவா என்பவர்.

'அண்ணாத்தே பாப்பாவ தூக்கு.'

முதலில் எரிச்சல்தான் வந்தது. குடித்துவிட்டுத் தட்டுகிறாரோ என்று நினைத்தேன். பிறகுதான், பாப்பா இருப்பது இவருக்கு எப்படித் தெரியும் என்று தோன்றியது. திரும்பிப் பார்த்தேன். இனியா யானைக்கு நீல வண்ணம் அடித்துக்கொண்டிருந்தாள், அலமாரி ஆடாமல் அசையாமல் நின்றது. ஒன்றுமே இல்லை, ஆனாலும் எழுந்துபோய் அவளை வாரி இடுப்பில் வைத்தேன். "இன்னும் வால் போடலப்பா" என்று அழுதாள். இரண்டு எட்டு வைத்திருப்பேன், பின்னால் மொத்த அலமாரியும் சரிந்து விழுந்தது.

அந்தக் குட்டி நாற்காலி நாலு துண்டாகக் கிடந்தது. பிள்ளையைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்றான் நண்பன். அலமாரி சாய்வதைத் தேவா கவனித்திருப்பார் என்றான். பதிவை ஓட்டிப் பார்த்தோம். அந்தப் பதில் வருகிறவரை அலமாரியில் ஒரு அசைவும் இல்லை, பாப்பாவின் நிழல்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆவடிக்குப் போனேன். தேவா அங்கே தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் குடும்பம். ஸ்டேஷன் எதிரில் டீக்கடையில் சந்தித்தோம். நன்றி சொன்னால், அவர் முகமே சரியில்லை.

"நான் சொன்னா நீ நம்ப மாட்டே அண்ணாத்தே."

"நம்புறேன், சொல்லுங்க."

"அலமாரி உளுந்துச்சு. அத்த என் போன்ல பாத்தேன். நீ புக்கெல்லாம் தள்ளிட்டு உள்ள பாத்தே. அப்பால கேமராவாண்ட வந்து, 'என் பாப்பா அடியில இருக்கா, யாராவது சொல்லுங்க, என்ன பண்றதுன்னு சொல்லுங்க'ன்னு கத்துனே. மொதல்ல பாப்பாவ தூக்குன்னு அடிச்சி உட்டேன்."

அலமாரி விழுவதற்கு முன்னால் எனக்கு வந்த பதிலை, அவர் விழுந்த பிறகு அனுப்பியிருக்கிறார்.

"அனுப்பின பிறகு?" என்றேன்.

"நீ கமெண்டையே பாத்துகினு நின்னே. நான் போட்டது அங்க வரவே இல்ல அண்ணாத்தே. படம் நின்னு சுத்திகினே இருந்துச்சு. திரும்ப வந்தப்போ, நீ பாப்பாவ இடுப்புல வெச்சிகினு கீறே." டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அதோடு நிகழ்ச்சியை நிறுத்திவிட்டேன். இனியா இப்போது யுகேஜி, வீட்டையே தலைகீழாகப் புரட்டுகிறாள். அவள் உயிரோடு இருப்பதற்குக் காரணம் அந்த ஒரு வரி. ஆனால் அது எனக்கு எழுதியது இல்லை, கேட்டுக் கெஞ்சியவன் தேவா போனில் பார்த்த இன்னொரு நான், அவனுக்கு அது போய்ச் சேரவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

சிரிக்காதீர்கள். சுதாவுக்குத் தெரியாமல் வாரம் ஒருமுறையாவது அந்தப் பழைய பதிவைத் திறந்து, அடியில் அவனுக்கு எழுதி அனுப்புகிறேன். 'கேமராவைப் பார்க்காதே. நூற்றெட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் போடு. கீழ்வீட்டில் நர்ஸ் இருக்கிறார், கூப்பிடு.'