முடிக்காமல் படித்தவர்கள்

சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் அந்தத் தாள்கட்டு இன்னும் கிடக்கிறது. "பழைய பேப்பர்காரன் வந்தா போட்டுடும்மா" என்று மகள் சொல்லிவிட்டுப் போனாள். போட முடியவில்லை. போடுவதற்கு முன் மேலே இருக்கும் தாளை எடுத்துப் பார்ப்பேன். ஆமைகளைப் பற்றியோ, பழைய பாலங்களைப் பற்றியோ, மனிதர்கள் ஏன் கொட்டாவி விடுகிறார்கள் என்பதைப் பற்றியோ இங்கிலீஷில் ஒரு பாடம் இருக்கும். முதல் வரிக்கடியில் விரலை வைத்துக்கொண்டு நிதானமாக வருவேன். கடைசிப் பத்தி நெருங்கும்போது ஏதோ விட்டுப்போன மாதிரித் தோன்றும். மறுபடி மேலே போய்விடுவேன். அதற்குள் பேப்பர்காரரின் மணிச்சத்தம் கோரமண்டல் ஸ்டேஷன் பக்கம் போயிருக்கும்.

என் வாசிப்பு எப்போதுமே இப்படித்தான். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தை இரண்டு தடவை படிக்காமல் மாத்திரையை விழுங்கமாட்டேன். வங்கியில் ஒரு தாளை நீட்டி இங்கே கையெழுத்துப் போடுங்கள் என்றால், நான் படிக்க ஆரம்பித்துவிடுவேன். பின்னால் நிற்பவர்கள் இருமத் தொடங்குவார்கள். பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய்வந்த காலத்தில் ஒரு வார இதழ் எனக்கு ஒரு மாதம் வரும். எதிர் சீட்டில் துண்டு விரித்துச் சீட்டாடும் கும்பலில் ஒருவர் தினமும் கேட்பார்: "இன்னாக்கா, புக்க மனப்பாடம் பண்ணிகினு கீறீங்களா? அவங்களே அடுத்த புக்கு போட்டாங்க." ரயிலே சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஏன் இப்படி என்று அப்போது யோசித்ததில்லை. யோசிக்க வைத்தது மகளின் தேர்வுதான்.

ஷாலினி நர்ஸ். பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் வேலை, அங்கேயே விடுதி, லீவுக்கு இங்கே வருவாள். அயர்லாந்தில் ஒரு மருத்துவமனை அவளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. ஆங்கிலத் தேர்வில் மட்டும் அவர்கள் கேட்கிற மதிப்பெண் வேண்டும். பேசுவது, கேட்பது, எழுதுவது எல்லாவற்றிலும் வந்துவிட்டது. பாடத்தைப் படித்துப் பதில் சொல்லும் பகுதியில் மட்டும் இரண்டு முறையும் அரைப் புள்ளி குறைந்தது. இரண்டாவது முறை முடிவு வந்த அன்று ஏஜென்சிக்காரர் போன் செய்தார். "அடுத்த வாட்டி வர்லன்னா அந்த எடத்த வேற பொண்ணுக்குக் குடுத்துருவாங்க மேடம். அவங்களும் எத்தினி நாள்தான் வெயிட் பண்ணுவாங்க?"

இங்கிலீஷ் தெரியாமல் தோற்றால் ஒரு நியாயம் உண்டு. அவளுக்குத் தெரியும். பதில் எழுதிய கேள்விகளில் தப்பே இருக்காது. மூன்று பாடம், ஒரு மணி நேரம். மூன்றாவது பாடத்தின் கேள்விகள் பாதிக்குமேல் காலியாகக் கிடக்கும். கோச்சிங் வகுப்பில் முதலில் கேள்வியைப் பார், அப்புறம் பாடத்தில் தேடு, எல்லா வரியையும் படிக்காதே என்று தலையில் அடித்துக்கொண்டார்களாம். அவள் விரல் கேட்காது. முதல் வரி, இரண்டாம் வரி என்று ஊர்ந்துதான் போகும். பத்தி முடிந்தால் திரும்ப மேலே போய்விடும்.

மூன்றாம் முறைக்கு முன்னால் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு ஒரு உத்தியோகம் கொடுத்தாள். போனில் ஒரு மணி நேரத்துக்கு அலாரம் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார வேண்டும், பேசக் கூடாது. என் கணவருக்கு டிவி தடை. மிக்சி தடை. நான் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருப்பேன். தேர்வு அவளுக்கு, வேர்ப்பது எனக்கு. ஒருநாள் அவள் பேனாவை வைத்துவிட்டாள்.

"அம்மா, நீ இன்னா சாவு வீட்ல உக்காந்த மாதிரி உக்காந்துகினு கீறே?"

"நான் ஒண்ணும் பண்ணலயே, சும்மாதானே இருக்கேன்."

"சும்மா இல்ல. வாசலயே பாக்கறே. யாரு வர்றாங்க இப்ப?"

நான் வாசலைப் பார்த்தது எனக்கே தெரியாது.

"சரி, நீயும் ஒரு பேப்பர் எழுது. அப்பத்தான் சும்மா இருப்பே" என்று ஒரு தாளைத் தள்ளினாள். ஜெராக்ஸ் கடையிலிருந்து அப்போதுதான் வந்த தாள். இன்னும் இளஞ்சூடாக இருந்தது. அந்த மை வாசனை மூக்கில் ஏறியதும், அங்கேயே, மின்விசிறிக்கு அடியில், நான் சாம்பியன் ரீப்ஸ் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் காலத்தில் ஜெராக்ஸ் ஏது? டீச்சர் மெழுகுத்தாளில் தட்டச்சு செய்து, மை உருளை ஓட்டி எடுத்த தாள். எழுத்தெல்லாம் ஊதாவாகக் கசிந்திருக்கும், விரலில் ஒட்டும், சாப்பிடும்போது சாம்பாரிலும் அந்த வாசனை வரும். அதில் ஒரு பாடம், அடியில் பத்துக் கேள்வி. காம்ப்ரிஹென்ஷன். வாரத்துக்கு ஒருநாள் அது உண்டு. ஆனால் கிழமை பார்க்காமல் அது வந்தால் வேறு அர்த்தம்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். எங்களுடையது தங்கச் சுரங்க ஊர். பூமிக்குள் வெகு ஆழத்தில் பாறை தாங்கமாட்டாமல் வெடிக்கும். ஏர் பிளாஸ்ட் என்போம். மேலே எங்களுக்குக் காலடியில் ஒரு பெரிய மேளத்தை ஒரே அடி அடித்த மாதிரி இருக்கும். கரும்பலகை ஆடும், சாக்பீஸ் உருளும், ஓட்டு இடுக்கிலிருந்து தூசு கொட்டும். பிறகு ஊர் முழுக்க ஒரு அமைதி. சின்ன ஏர் பிளாஸ்ட் என்றால் அமைதி சீக்கிரம் கலைந்துவிடும், நாங்களும் சிரித்துக்கொள்வோம். பெரியதாக இருந்தால் மிஸ் எழுந்துபோய் வகுப்பின் கதவைச் சாத்துவார். அந்த ஷிப்டில் யார் யார் கீழே போயிருக்கிறார்கள், யார் மேலே வந்தார்கள் என்று தெரிகிறவரை பிள்ளைகளை வெளியே விடக் கூடாது என்பது பள்ளிக்கூடத்தின் வழக்கம். பிள்ளைகள் சுரங்கத்துக்குள் ஆட்கள் இறங்கும் ஷாஃப்ட் பக்கம் ஓடினால் காப்பாற்றப் போகிறவர்களுக்கு இடைஞ்சல். பியூன் சைக்கிளில் போய் ஷாஃப்ட் வாசலில் நிற்பார். செத்தவர்களின் பெயர் தெரிந்ததும் வருவார். அதுவரை வகுப்பில் காம்ப்ரிஹென்ஷன். கணக்கு சொல்லித்தர மிஸ்ஸுக்குக் குரல் வராது. இதற்குக் குரல் வேண்டாம். எல்லோரும் தலை குனிந்திருக்கலாம். மிஸ்ஸின் தம்பியும் கீழே வேலை செய்தவர்தான்.

எட்டாம் வகுப்பில் ஒருநாள் அப்படிக் கதவு சாத்தியபோது தாளில் வந்த பாடம் தேனீக்களைப் பற்றியது. தேனீயைப் பற்றி இன்றுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு தாள்தான். என் பக்கத்தில் ரூபி. அவள் எதையும் சட்டென்று முடிப்பவள். நான் நாலாவது கேள்வியில் இருந்தபோது அவள் பத்தையும் எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டு, ஓரத்தில் ஒரு தேனீ வரைந்துகொண்டிருந்தாள்.

"முடிச்சிட்டியா?" என்று கிசுகிசுத்தேன்.

"ஈசிடி. நீ இன்னா இன்னும் எழுதிகினே கீறே?"

வராந்தாவில் டயர் செருப்பின் சத்தம் கேட்டது. பியூன் கதவைத் தட்டினார். மிஸ் போனார். பியூன் குனிந்து ஏதோ சொன்னார். மிஸ் திரும்பி எங்கள் பெஞ்சைப் பார்த்தார். நான் என் தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். என் நைனாவும் அன்று அதே ஷிப்ட்.

"ரூபி, பையை எடுத்துக்கோம்மா."

அவ்வளவுதான். அவள் பேனாவை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

நைனா கீழே வேறொரு ஆழத்தில், வேறு லெவலில் இருந்திருக்கிறார். சாயங்காலம் வந்தார், குளித்தார், சாப்பிட்டார், படுத்துவிட்டார். அப்பாவை இழந்த ரூபியின் குடும்பம், சுரங்கக் கம்பெனி கொடுத்திருந்த லைன் வீட்டைக் காலி செய்துவிட்டுக் குடியாத்தம் பக்கம் உறவினர்களிடம் போனது. பிறகு அவளைப் பார்க்கவில்லை. ஆனால் எங்கள் வகுப்பில் ஒன்று நடந்தது. யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அதற்குப்பின் கதவு சாத்திய நாட்களில் ஒரு பிள்ளைகூடக் காம்ப்ரிஹென்ஷனை முடிக்காது. எழுதிக்கொண்டே இருப்போம். எழுதியதை அடிப்போம், மறுபடி எழுதுவோம். பாடத்தை மேலிருந்து திரும்பப் படிப்போம். எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளையின் பெயரைக் கூப்பிடமாட்டார்கள் என்று நாங்கள் நம்பினோம். முடித்தவள் பெயரைத்தானே கூப்பிட்டார்கள்? அந்தத் தாள்களை மிஸ் வாங்கிக்கொள்வார், திருத்தித் தந்ததே இல்லை.

"அம்மா! டைம் முடிஞ்சிபோச்சி." ஷாலினி என் தாளைப் பிடுங்கினாள். பார்த்தாள். "இன்னாம்மா இது? மொத பேஜே தாண்டல நீ!" ஒரு நிமிடம் என் முகத்தையும் என் விரலையும் மாறி மாறிப் பார்த்தாள். என் விரல் அப்போதும் வரிக்கடியில்தான் இருந்தது. "ஓ! இந்த வியாதி ஒங்கிட்டருந்துதான் எனக்கு வந்துச்சா?"

அவளுக்குப் படிக்கச் சொல்லித்தந்தது நான்தான். மெதுவாப் படி கண்ணு, விரல வெச்சுப் படி, திரும்ப ஒரு வாட்டி பாரு. நல்லதைச் சொல்லித்தருவதாகத்தான் நினைத்தேன். அவள் பிறந்தபோது சுரங்கம் மூடியாகிவிட்டது. ஷிப்டுக்கு ஊதும் சங்கை அவள் கேட்டதில்லை. ஆனால் கதவு சாத்திய வகுப்பின் வாசிப்பு அவள் விரலுக்குள் போயிருக்கிறது.

அன்றுதான் முதன்முதலாக அவளிடம் ரூபியைப் பற்றிச் சொன்னேன். என் கணவர் அடுப்படி வாசலில் வந்து நின்று கேட்டார். அவர் பேத்தமங்களாக்காரர், ஏரிக்கரையில் வளர்ந்தவர், மேளம் மாதிரி அதிர்கிற பூமி அவருக்கும் கதைதான். சொல்லி முடித்ததும் ஷாலினி கேட்டாள்.

"கடேசி கேள்வி இன்னா?"

"எந்தக் கேள்வி?"

"அந்தத் தேனீ பேப்பர்ல. நீ எழுதாம உட்டது."

எனக்கு நன்றாக நினைவிருந்தது. பூ இருக்கும் இடத்தைத் தேனீ மற்ற தேனீக்களுக்கு எப்படிச் சொல்கிறது?

"டான்ஸ் ஆடிக் காட்டும். அவ்ளோதான். இத்தினி வருஷமா அதுக்கா உக்காந்துகினு கீறே?" என்றாள். என் கணவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. பிறகு அவள் நாற்காலியை எனக்கு நேராக இழுத்துப் போட்டாள். "இனிமே நீ பேசாம உக்காரக் கூடாது. டைம் ஆவும்போது நீயே சொல்லணும். முடிச்சிடு, முடிச்சிடுன்னு சத்தமா சொல்லணும்."

எளிதாகத்தான் சொல்லிவிட்டாள். முதல் நாள் எனக்கு வாய் வரவில்லை. அந்த வார்த்தையைச் சொன்னால் யாரோ கதவைத் தட்டுவார்கள் என்று தோன்றியது. யார் தட்டப் போகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அவள் முடித்தால் அவளை அயர்லாந்துக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். முடிக்காவிட்டால் இடம் போய்விடும். ராத்திரி டூட்டியும் விடுதியும் முதுகுவலியுமாக அவள் வயது போய்க்கொண்டே இருக்கும். "முடிச்சிடு கண்ணு" என்று முனகினேன். "கேக்கலம்மா" என்றாள், தாளிலிருந்து தலையைத் தூக்காமல். "முடிச்சிடு!" என்று கத்தினேன். "இன்னாடி, பொண்ண வீட்ட உட்டுத் தொரத்தற மாதிரி கத்தறே?" என்றார் அவர். தொரத்திக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு ஞாயிறு போனபின் அவள் விரல் வரியை விட்டு எழுந்தது. கேள்விக்கும் பாடத்துக்கும் தாவத் தொடங்கியது. அதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. வாசலைப் பார்ப்பதை மட்டும் நான் விடவில்லை.

தேர்வு அன்று பெங்களூரில் அந்தக் கட்டடத்துக்கு எதிரே ஒரு மரத்தடியில் நின்றேன். நிறையப் பெற்றோர் நின்றார்கள். ஒவ்வொருவரும் ஒரு போனைப் பார்த்துக்கொண்டு. ஷாலினி வந்தாள்.

"முடிச்சியா?"

"முடிச்சிட்டேம்மா. கடேசில ரெண்டு நிமிஷம் சும்மா உக்காந்துகினு இருந்தேன்."

அவள் சந்தோஷமாகச் சொன்னதுதான். எனக்குப் பேனா மூடி வைத்த ரூபியின் முகம் வந்தது. ஷாலினியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சாலையைத் தாண்டினேன். "கை வலிக்குதும்மா" என்றாள்.

முடிவு ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தது. அவள் டூட்டியில், அவர் வேலைக்குப் போயாகிவிட்டது. போனில் ஒரு வரி: வந்துடுச்சும்மா. கூடவே மதிப்பெண் தாளின் படம். அதைத்தான் மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சில், ஒரே தடவையில் படித்தேன். வேண்டியதற்கு மேலேயே இருந்தது. மனம் நிறைந்துபோய் சாமி படத்துக்கு முன் நின்றேன். அழுகை வந்தது, எதற்கு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. விசாவும் வந்துவிட்டது. அடுத்த மாதம் கிளம்புகிறாள்.

நேற்றிரவு அவர் விமான நிலையத்துக்கு வண்டி பேசிக்கொண்டிருந்தார். "பொட்டி ரெண்டு பெருசு. பொண்ணு, நீ, நானு. வேற யாருக்கும் எடம் இல்ல" என்றார். யாராவது வருகிறேன் என்று சொன்னார்களா என்று கேட்டேன். அவருக்குக் கேள்வி புரியவில்லை. எதிர் வீட்டுப் பெண் ராத்திரி ரயிலில் வந்து, சாவியைத் திருப்பிக்கொண்டே "கங்கிராட்ஸ்க்கா" என்று சொன்னாள். நல்ல பெண். அவளும் விடிவதற்கு முன் ரயிலைப் பிடிக்க வேண்டும்.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் லைனிலிருந்து ஒருவர் துபாய்க்குப் போனார். முதல்முறை போகிறவர். அவரை ஏற்றிவிட மாரிக்குப்பம் ஸ்டேஷனுக்கு லைனே கிளம்பிற்று. கைக்குழந்தைகள், ஷிப்ட் முடிந்து தூங்காமல் வந்த ஆட்கள், யாரோ ஒருத்தர் வீட்டு நாய்கூட. பாதிப்பேர் டிக்கெட் எடுக்காமல் பங்காரப்பேட்டை வரைக்கும் ரயிலில் போய்த் திரும்பினார்கள். அந்த மனிதர் அழவே நேரமில்லாமல் எல்லோர் கையிலிருந்தும் பொட்டலம் வாங்கிக்கொண்டிருந்தார். அந்த லைனில் இப்போது பாதி வீடுகளில் யாரும் இல்லை. மீதிப்பேர் வேலையில் இருக்கிறார்கள். என் மகளைக் காரில் வைத்து நாங்கள் இரண்டு பேர் கொண்டுபோய் விடுவோம். திரும்பி வரும்போது பின்சீட்டில் என் பக்கத்து இடம் காலியாக இருக்கும்.