சுத்தமான குளத்து இறால்கள்

மூன்று ஆண்டுகளுக்கு முன், கோடையின் தொடக்கத்தில், சத்தியவேட்டுக்குக் கிழக்கே கடலோரத்தில் நானும் என் மனைவியின் தம்பியும் அடுத்தடுத்த குளங்களில் இறால் வளர்த்துவந்தோம். குஞ்சுகள் ஒரே நாளில், ஒரே இடத்தில் வாங்கியவை. நான் அதிகம் பயின்றவனல்லன். ஆயினும் தூய்மையில் எவருக்கும் சளைத்தவனல்லன். வாரந்தோறும் குளத்தில் கிருமிநாசினி ஊற்றினேன். மைத்துனரோ தவிட்டையும் வெல்லத்தையும் பீப்பாயில் புளிக்கவைத்து, நுரைத்த அக்குழம்பைத் தம் குளத்தில் கொட்டுவார். வாடை தாளாமல் நான் மூக்கைப் பொத்தினால், "இன்னா மாமா, எறாவுக்கு சோப்பு போட்டுக் குளிப்பாட்டிக்கினு கீறியா?" என்பார்.

குஞ்சு விட்ட ஐம்பதாம் நாள் என் குளத்தில் வெண்ணிற நூல்களைப் போன்ற இறால் கழிவு மிதந்தது. தீவனத் தட்டில் இட்டது இட்டபடி கிடந்தது. இருமடங்கு மருந்து ஊற்றினேன், சாவு பெருகியது. மைத்துனர் குளத்து இறால்களோ துள்ளிக்கொண்டிருந்தன. அவருடைய அழுக்கே என் குளத்தைக் கெடுத்ததென்று உறுதியாக நம்பினேன். அதை மெய்ப்பிக்கவே இரு குளத்து இறால்களையும் தனித்தனிப் பைகளில் இட்டுத் திருப்பதிப் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து முடிவு கேட்கச் சென்றபோது மைத்துனரும் உடன் வந்தார். பரிசோதித்த அம்மையார் நகரி ஊர்ப் பக்கத்துத் தமிழர். இரண்டிலும் ஒரே நோய்க்கிருமி இருப்பதாகக் கூறினார்.

"பாத்தியா, உங்கிட்டேர்ந்துதான் வந்துகீது!" என்றேன் மைத்துனரிடம்.

"அவசரப்படாதீங்க ஐயா. அவரு எறா குடல்ல அது பத்தோட பதினொண்ணா கீது. நல்ல கிருமிங்க அத்த தலையெடுக்க விடல. உங்க எறா குடல்ல அது மட்டும்தான் கீது. இன்னா ஊத்தினீங்க?" என்றார் அம்மையார்.

மருந்தின் பெயரையும் தம் புளித்த குழம்பைப் பற்றியும் மைத்துனர்தாம் சொன்னார், கேலியின்றி.

அவர் குளத்தில் கிருமி இருந்தும் நோயில்லை. என் குளத்தில் கிருமியைக் கொல்லக் கொல்ல நோய் வளர்ந்தது.

"அப்ப அந்தப் புளிச்ச தண்ணி ஊத்தினா பொழைக்குமாம்மா?"

"சொல்ல முடியாது ஐயா. மொதல்ல மருந்த நிறுத்துங்க."

ஊர் திரும்பியதும் வாளியுடன் மைத்துனரின் பீப்பாய் முன் நின்றேன். சிரிப்பாரென்று எண்ணினேன். "மூக்கப் பொத்திக்கோ மாமா" என்று மட்டும் சொல்லி மூடியைத் திறந்தார்.

ஏறத்தாழப் பாதி இறால்கள் பிழைத்தன. அக்குழம்பாலா, மருந்தை நிறுத்தியதாலா என்பதை அம்மையாராலும் அறுதியிட இயலவில்லை. எனக்கும் இன்றுவரை விளங்கவில்லை. ஆயினும் கிருமிநாசினிப் புட்டியின் மூடியைத் திருகும்போதெல்லாம், எதைக் காப்பதாக எண்ணி எதைக் கொல்லப்போகிறேனோ என்று என் கை ஒரு கணம் தயங்கி நிற்கிறது.