சித்தியின் பெட்டியில் இருந்த முள்முருக்கு

நான் செய்த முதல் களவு ஒரு முழ நீளத் தடி. சித்தியின் கலியாணப் பெட்டிக்குள் இருந்து எடுத்தேன். நல்ல காரியம் என்று நினைத்துத்தான் எடுத்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். எல்லாக் கள்ளரும் அப்படித்தான் சொல்வார்கள்.

அப்போது எனக்குப் பத்து வயது. பாரிஸில், லா சப்பலில், ரயில் பாதையைப் பார்த்த ஐந்தாம் மாடியில் எங்கள் வீடு. இரண்டே அறைகள். ஒன்று அம்மாவுக்கும் அப்பாவுக்கும். மற்றதில் ஒரே கட்டிலில் நானும் சித்தியும். சித்தி அம்மாவின் தங்கை. கீழே சேலைக்கடை ஒன்றின் பின்னறையில் சட்டை தைத்துக்கொண்டிருந்தார். யார் எதைக் கேட்டாலும் சித்தியிடம் ஒரே பதில்தான். ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வருவாயா? ஓம். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவாயா? ஓம். நியூசிலாந்தில் ஒரு மாப்பிள்ளை இருக்கிறார், நல்ல குணம், நல்ல வேலை, பேசுவோமா என்று அப்பா கேட்டபோதும் ஓம் என்றார். அன்று அம்மா பாயாசம் வைத்தார்.

அந்த மாதம் பள்ளிக்கூடத்தில் எக்ஸ்போசே வந்தது. ஆளுக்கொரு நாட்டின் விலங்குகளைப் பற்றி வகுப்புக்கு முன்னால் நின்று பேச வேண்டும். சித்தி போகிற நாடு என்பதால் நான் நியூசிலாந்தைக் கேட்டு வாங்கினேன். நூலகத்துப் புத்தகத்தைத் திறந்த நாளோடு என் நிம்மதி போயிற்று.

கடல் நடுவே தனித்துக் கிடந்த அந்த நாட்டில், மனிதர் போய்ச் சேரும்வரை, தரையில் பூனை இல்லை, எலி இல்லை, நாய் இல்லை. துரத்திப் பிடிக்க ஆளில்லாததால் பல பறவைகள் பறப்பதையே மறந்துவிட்டன. பிறகு கப்பல்களில் அவை எல்லாம் வந்து இறங்கின. கக்காப்போ என்று ஒரு பச்சைக் கிளி. பருத்த உடம்பு, பறக்காது. பயந்துவிட்டால் ஓடுவதற்குப் பதில் அசையாமல் நிற்குமாம். மேலேயிருந்து பார்க்கிற கழுகை அப்படி ஏமாற்றலாம். மோப்பம் பிடித்து வருகிற பூனைக்கு அது பரிமாறி வைத்த சாப்பாடு. ‘ஓடேன்டி!’ என்று புத்தகத்தைப் பார்த்து நான் கத்தியதில் நூலகத்து மதாம் என்னை வெளியே அனுப்பினார்.

விலங்குகள் மட்டுமல்ல, வெளியிலிருந்து வருகிற ஒரு விதை, ஒரு வண்டு, சப்பாத்தில் ஒட்டிய மண்கூட அந்த நாட்டுக் காடுகளைச் சாகடிக்கலாம் என்றும் படித்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே, “பாவம்” என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

அடுத்த வாரமே மாப்பிள்ளையின் தாயிடமிருந்து டெலிபோன் வந்தது. எங்கள் ஆட்களின் கலியாணத்தில் தாலிக்குப் பொன்னுருக்குகிற நாளில், முள்முருக்குத் தடி ஒன்றை வீட்டு வாசலில் கன்னிக்காலாக நடுவார்கள். நியூசிலாந்தில் அந்த மரம் கிடையாதாம். ஸ்பீக்கரில் அவர் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

“முள்முருக்கு வராமல் நான் பொன்னுருக்க மாட்டன். அங்கையிருந்து அனுப்புங்கோ.”

அம்மா விடுவாரா? ஊருக்குப் போய்த் திரும்பிய ஒருவர் மூலம், ஈரத்துணியில் சுற்றி, ஒரு தடியைப் பாரிஸுக்கு இறக்கிவிட்டார். சித்தி புறப்படுகிற நாள் காலையில் அதைச் சேலைகளுக்கு நடுவே ஒளித்து வைத்து, பக்கத்தில் நின்ற சித்தியிடம், “இது போகாட்டிக் கலியாணமே நிண்டிடும், சொல்லிப்போட்டன். ஏர்போட்டிலை கேட்டால் ஒண்டுமில்லை எண்டு சொல்லு” என்றார்.

“ஓம்” என்றார் சித்தி.

என் சொந்த அம்மா! எல்லாவற்றையும் நான் சொன்ன பிறகும்! அம்மா குளிக்கப் போனதும் பெட்டியைத் திறந்தேன். துணியை விலக்கினால் தடியின் ஒரு கணுவில் பச்சையாக முளை விட்டிருந்தது. அதற்குக் கீழே ஊசி முனையளவு ஓர் ஓட்டை. அதற்குள் ஏதோ அசைந்தது. வண்டோ, என் நடுக்கமோ, இன்றுவரை தெரியாது. தடியை எடுத்து என் ஜாக்கெட்டுக்குள் சொருகிக்கொண்டு திரும்பினேன்.

கதவருகே சித்தி நின்றார்.

ஈரத்தலையில் துவாய். கண் என் ஜாக்கெட்டில். ஆள் அசையவில்லை. அடி விழப்போகிறது என்று கண்ணை மூடினேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது சித்தி பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்து, தடி இருந்த இடம் தெரியாதபடி சேலைகளை நிரவிக்கொண்டிருந்தார்.

“கெதியாக் கொண்டு போ, குஞ்சு. அக்கா வந்திடுவா.”

ஐந்து மாடியும் ஓடி இறங்கி, முற்றத்துக் குப்பைத் தொட்டிக்குள் தடியைப் போட்டேன். சித்திக்கும் பறவைகள் மேல் என்ன இரக்கம் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

சித்தி போய்ச் சேர்ந்தார். தடியைக் காணவில்லை என்றதும், விமான நிலையத்தில் எடுத்துவிட்டார்கள் என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள். அம்மா ஒரு கிழமை வெள்ளைக்காரரைத் திட்டினார். மாப்பிள்ளையின் தாய் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, பக்கத்து வீட்டு மரத்தில் ஒரு கொப்பை முறித்து நட்டு, பொன்னுருக்கினார். கலியாணம் குறித்த நாளில் நடந்தது. என் எக்ஸ்போசேயும் நடந்தது. எங்கள் வகுப்பு ஆசிரியை கை தட்டினார்.

போன கோடையில் சித்தி இரண்டு மகன்களோடு பாரிஸுக்கு வந்தார். குசினியில் இருவரும் தனியே நின்றபோது, அன்று என்னைக் காட்டிக் கொடுக்காததற்கு, அந்தப் பறவைகள் சார்பிலும் சேர்த்து, நன்றி சொன்னேன்.

“எந்தப் பறவை?” என்றார் சித்தி.

சொன்னேன். சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

“தடி போகாட்டிக் கலியாணம் நிண்டிடும் எண்டு அக்கா சொன்னவ. நான் அதை நம்பிப் பிளேன் ஏறினனான்.”

“வேண்டாம் எண்டு சொல்லியிருக்கலாமே, சித்தி!”

“வேண்டாமோ எண்டு ஆர் கேட்டது? பேசுவமோ எண்டுதானே கேட்டவை.”

வெளியே மகன் கூப்பிட்டான். “ஓம், வாறன்” என்று சித்தி போய்விட்டார். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட நான் பார்க்கவில்லை.

பத்து வயதில் அந்த நாட்டுப் பறவைகள் எல்லாவற்றின் பெயரும் எனக்குப் பாடம். அசையாமல் நிற்பது பயத்தினால் என்று வகுப்பு முழுவதற்கும் விளக்கிச் சொன்னவள் நான். கதவருகே சித்தி அப்படி நின்றதை மட்டும் இரக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.