கையில் எவ்வளவு நிற்கும்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் பதினேழு வருடமாக லென்ஸ் அறுத்துக்கொண்டிருந்தவளுக்கு வெளிநாட்டிலிருந்து வேலைக் கடிதம் வந்தது. அங்குள்ள ஒரு பெரிய லென்ஸ் கூடம் கூப்பிட்டிருந்தது. கடிதத்தில் ஆண்டுச் சம்பளம் ஒரே வரியில் இருந்தது. கணவர் அதை உள்ளூர்ப் பணத்துக்கு மாற்றிப் பார்த்துவிட்டு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். கீழ்வீட்டுத் தையல்காரம்மா விரலை மடக்கிக் கணக்குப் போட்டுவிட்டு, "இனிமே எங்களையெல்லாம் ஞாபகம் வச்சிருப்பியா" என்று கேட்டாள். இத்தனை பேருக்கு இவ்வளவு நன்றாகப் பெருக்க வரும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. கழிப்பதற்கு மட்டும் ஆளில்லை.

ஆளில்லை என்று சொல்வதும் தப்பு. வீட்டில் மாமனார் இருந்தார்.

மாமனார் வரி அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் எழுத்தராக இருந்தவர். ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகியும் தெருவில் அவருக்குப் பெயர் வரிக்காரர்தான். மனைவி போன பிறகு வாய் குறைந்து போயிருந்தவருக்கு இந்தக் கடிதம் உயிர் கொடுத்துவிட்டது. மறுநாளே அந்த நாட்டின் வருமான வரிக் கையேட்டை நூற்று நாற்பது பக்கத்துக்கு அச்செடுத்து, சுருள் கம்பி போட்டுக் கொண்டுவந்துவிட்டார்.

அதிலிருந்து அவளுக்குக் காலைச் சாப்பாடு நிம்மதியாக இறங்கவில்லை. தட்டில் கை வைத்ததும் ஒரு எண் வரும்.

"பாதிக்குப் பாதி வரியிலயே போயிடும்மா" என்றார் திங்கட்கிழமை. அன்று முழுக்க அவள் முகம் செத்துப் போய் வேலை பார்த்தாள். வியாழக்கிழமை, "இல்லம்மா, அந்தப் பாதி வரி சம்பளத்தோட மேல் அடுக்குக்கு மட்டும்தான். முதல் அடுக்குக்கு வரியே கிடையாது" என்றார். சனிக்கிழமை ஓய்வூதியப் பிடித்தம் விட்டுப்போனது தெரிய வந்தது. அடுத்த வாரம் மருத்துவக் காப்பீடு. அதற்கடுத்த வாரம், கணவர் வேலையில்லாமல் கூடவே இருந்தால் ஒரு வரி, வேலைக்குப் போனால் வேறு வரி என்று இரண்டு அட்டவணை வந்தன. பச்சை மையில் ஒன்று, சிவப்பு மையில் ஒன்று.

"மாமா, கடைசியா கையில எவ்வளவு நிக்கும்? அதை மட்டும் சொல்லுங்க."

"அது அவ்வளவு சுலபமா சொல்ற விஷயமாம்மா?"

கணவரிடம் போனால் அதைவிட மோசம். அவர் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். குடுவை கழுவி, அமிலம் அளந்து வைக்கிற வேலை. அங்கே போனால் அவருக்கு அந்த வேலை கிடைக்குமா என்று யாருக்கும் தெரியாது. "நீ என்ன சொல்றியோ அதான்" என்பார். பெருந்தன்மையாகச் சொல்வதாக அவருக்கு நினைப்பு. கேட்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் கேட்டது ஒன்றுதான்: "அங்க எனக்குத் தனி ரூம் உண்டாம்மா?"

தனி ரூம் இருக்கும் என்றுதான் மாமனாரின் அட்டவணை சொன்னது. அதில் கடைசிக் கட்டம் 'மிச்சம்'. வரி, வாடகை, பஸ் பாஸ், குளிருக்குத் துணி, மின்சாரம் எல்லாம் போக மாதச் சம்பளத்தில் கால்வாசி மிச்சமாம். வாடகை மட்டும் எப்படி அவ்வளவு குறைவு என்று அவள் கேட்டாள்.

"என் பொண்ணு அங்கதானே எட்டு வருஷமா இருக்கா. ரெண்டு ரூம் வீட்டுல, குழந்தைகளையும் வச்சுக்கிட்டு, எனக்கும் மாசாமாசம் அனுப்புறாளே. அவளால முடியும்னா உன்னால முடியாதா?"

நாத்தனாரிடம் மாமனார் எதைக் கேட்டாலும், "அதெல்லாம் சமாளிச்சுக்கலாம்ப்பா" என்று பிடி கொடுக்காத பதில்தான் வரும். இரண்டு மாதம் இப்படியே ஓடிய பிறகு, ஒரு நாள் மதியம், கடைப் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவளே நாத்தனாருக்கு அழைத்தாள். தேய்ப்பு இயந்திரத்தின் தண்ணீர் இன்னும் கையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"உங்க அப்பா போடுற கணக்கைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பைத்தியம் பிடிக்குது. நீயாவது நேராச் சொல்லு. மாசக் கடைசியில உங்க கையில என்ன மிஞ்சும்?"

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அண்ணி, அப்பாகிட்ட சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க."

"சொல்லலை."

"ஒரு ரூமை வாடகைக்கு விட்டிருக்கோம். ஒரு மருந்துக் கடைக்காரர் இருக்காரு. நாங்க நாலு பேரும் ஒரே ரூம்லதான். அவர் தர்ற வாடகையிலதான் அப்பாவுக்கு அனுப்புறேன். வருஷா வருஷம் வாடகை ஏறுது, இவர் சம்பளம் ஏறலை. வெளிய சொன்னா மானம் போகுது."

"அனுப்பாம இருந்திருக்கலாமே."

"எப்படி அண்ணி நிறுத்தறது? நிறுத்தினா ஏன்னு கேப்பாரே."

அதற்குப் பிறகுதான் அவளுக்கு உண்மையான அவஸ்தை தொடங்கியது. பொய்யான எண் ஒன்று தினமும் தட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. அது பொய் என்று தெரிந்தும் வாயைத் திறக்க முடியவில்லை. மென்று விழுங்கினாள். பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினாள். கணவர், "என்ன, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டபோது அவரை அவள் பார்த்த பார்வையில் அவர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

போதாக்குறைக்கு லென்ஸ் கூடத்திலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. அவளுடைய சான்றிதழ் அங்கே செல்லாதாம். முதல் வருடம் பயிற்சியாளர் நிலை, முக்கால் சம்பளம். பதினேழு வருடம் லென்ஸ் அறுத்தவள் பயிற்சியாளர். கோணம் தப்பினால் பார்வையே மங்கிவிடும் சிலிண்டர் பவர் லென்ஸை அச்சு பிசகாமல் உட்கார வைக்க ஊரிலேயே அவளை விட்டால் ஆள் கிடையாது என்று மற்ற கடைக்காரர்கள் அவளிடம் கொடுத்தனுப்புவார்கள்.

கடிதத்தைக் கொண்டுபோய் மாமனாரின் சுருள் புத்தகத்தின் மேல் போட்டாள்.

"பாருங்க மாமா. முக்கால் சம்பளமாம்."

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பென்சிலை எடுத்து, "பரவாயில்லம்மா, வரியும் குறையும்ல. அப்பவும் கொஞ்சம் மிஞ்சும்" என்றார்.

"எப்படி மாமா மிஞ்சும்? மூணு பேருக்கு அந்த வாடகையில அங்க வீடு கிடையாது."

"என் பொண்ணு—"

"உங்க பொண்ணை விடுங்க. நாலு மாசமா வரி வரின்னு உயிரை எடுக்கறீங்களே, ஒரு தடவையாவது உண்மையான வாடகையைப் போட்டீங்களா?"

சொன்ன பிறகுதான் தான் எதைத் தொட்டுவிட்டோம் என்று உறைத்தது. பேச்சை மாற்ற அவள் தண்ணீர் எடுக்கப் போனாள். திரும்பி வந்தபோது மாமனார் பென்சிலைக் கீழே வைத்திருந்தார்.

"அவ உன்கிட்ட சொல்லிட்டாளா?"

அவள் தண்ணீரை அவர் முன்னால் வைத்தாள்.

"மாப்பிள்ளை சம்பளம் எனக்குத் தெரியும். அந்த ஊர் வாடகையும் தெரியும். ரெண்டையும் வச்சா எனக்கு ஒரு காசு அனுப்ப வழியில்லை. வீட்டுல யாரையோ வாடகைக்கு வச்சிருக்காங்கன்னு மூணு வருஷம் முன்னாடியே கண்டுபிடிச்சிட்டேன். போன்ல பேசும்போது கதவு திறக்குற சத்தம் கேக்கும், அவ குரலைத் தாழ்த்துவா. பணம் வேண்டாம்னு சொன்னா எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவளுக்குத் தெரிஞ்சிடும். அவ அனுப்புனது அத்தனையும் பேங்க்லதான் கிடக்கு. தொடலை."

"தெரிஞ்சும் ஏன் மாமா எனக்குத் தப்புக் கணக்கு?"

அவர் மேஜையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். "நீ அங்க போனா அவளுக்கு ஒரு துணை இருக்கும்னு நெனச்சேன். நீ திடமானவ. ஆனா நிஜமான எண்ணைப் போட்டா நீ போக மாட்டியே."

அவளுக்கு அழுகையா ஆத்திரமா என்று தெரியவில்லை. இரண்டுமே வந்தன. "இதை முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சுபோற விஷயம். பச்சை மை, சிவப்பு மைன்னு என்னை நாலு மாசம் அலைய விட்டீங்களே" என்றாள். அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை. அவரும் சாப்பாட்டுக்கு வரவில்லை. தட்டை அவர் அறைக்கே கொண்டுபோய் வைத்தவள், வைத்த சத்தத்திலேயே தன் கோபத்தைச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் மறுபடி உட்கார்ந்தார்கள். இந்த முறை பென்சில் அவள் கையில். கணவரையும் இழுத்து உட்கார வைத்து, "நான் சொல்றது அப்புறம். நீங்க என்ன சொல்றீங்க?" என்றாள். அவர் நெளிந்தார். பிறகு, "எனக்குப் பயமா இருக்கு. அங்க போய் சும்மா உக்காந்திருக்க முடியாது. என் வேலை சின்னதுதான், ஆனா எனக்குப் பிடிக்கும்" என்றார். அவர் மனதில் இருந்தது அன்றுதான் வெளியே வந்தது.

முக்கால் சம்பளத்தில் மூன்று பேருக்கு மாதா மாதம் பற்றாக்குறை. முழுச் சம்பளத்தில் மூன்று பேருக்கு எதுவும் மிஞ்சாது. முழுச் சம்பளத்தில் ஒரே ஆள், ஒரே அறை என்றால் ஐந்தில் ஒரு பங்கு நிற்கும். அந்த எண்ணை அவள் இரண்டு தடவை வட்டமிட்டாள்.

லென்ஸ் கூடத்துக்கு எழுதினாள்: சான்றிதழைப் பார்க்க வேண்டாம், கையைப் பாருங்கள். இரண்டு வாரம் இழுத்தடித்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள். கடைப் பின்னறையில் கணினித் திரைக்கு முன்னால் மூன்று லென்ஸ் அறுத்துக் காட்டினாள். மூன்றாவதை அவர்கள் ஆள் திரையருகே வந்து பார்த்துவிட்டு இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினான். முழுச் சம்பளம் என்று எழுத்தில் வந்தது. இரண்டு மாதம் தள்ளி, அங்கே புது வரி வருடம் தொடங்கும்போது சேர்ந்தால் இரண்டு நாட்டிலும் கணக்குக் காட்டும் தொல்லை இல்லை என்று மாமனார் கண்டுபிடித்தார். அவருடைய நூற்று நாற்பது பக்கத்தில் உருப்படியாக உதவியது அது ஒன்றுதான். மகளின் பரீட்சையும் அதற்குள் முடிந்துவிட்டது. தனி ரூம் பற்றி மகள் மறுபடி கேட்கவில்லை. அம்மாவின் பெட்டியை மூன்று முறை பிரித்து அடுக்கினாள்.

மருந்துக் கடைக்காரர் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனார். நாத்தனார் வீட்டில் காலியான அந்த அறைக்குத்தான் அவள் தனியாகப் போய்ச் சேர்ந்தாள். ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர். கட்டிலுக்கடியில் நாத்தனார் குழந்தைகளின் பொம்மைப் பெட்டி. வந்த முதல் வாரம் நாத்தனார் அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சப்பட்டாள். அப்பாவுக்கு மூன்று வருடமாகவே தெரியும் என்று அவள் சொன்னதும், நாத்தனார் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

"மூணு வருஷமாவா? நான் கஷ்டப்பட்டு எவ்வளவு பொய் சொல்லியிருக்கேன் தெரியுமா அண்ணி" என்றாள். எரிச்சலில் தொடங்கிய குரல் பாதியிலேயே உடைந்தது.

முதல் சம்பளம் வந்த அன்று அவள் வாடகையை எண்ணி நீட்டினாள். நாத்தனார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அண்ணிகிட்ட எப்படி வாங்குறது?"

"மருந்துக் கடைக்காரர்கிட்ட வாங்கினியே. நான் அவரைவிட மோசமா?"

"கையில வாங்க மாட்டேன். மேஜை மேல வச்சிடுங்க."

வைத்தாள். நாத்தனார் உடனே எடுக்கவில்லை. காய் நறுக்கினாள், குழந்தைகளைக் குளிக்கக் கூப்பிட்டாள், துணி மடித்தாள். பணத்தை வைத்தவள் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திய பிறகு, மேஜை இழுப்பறை திறந்து மூடும் சத்தம் கேட்டது.