அக்காவின் ‘வா’ பட்டன்

கதை விடுறேன்னு நினைச்சா இப்பவே எழுந்து போயிடுங்க. இது நடந்தது. யாருக்கு நடந்துச்சோ அவர் எனக்குப் பக்கத்து சீட்டுல உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்.

அவர் புரோகிராம் எழுதுறது லிஸ்ப்ங்கிற கம்ப்யூட்டர் மொழியில. வரிக்கு வரி பிராக்கெட். அதனால ஆபீஸ்ல அவர் பேரே பிராக்கெட்தான்.

பிராக்கெட்டை வளர்த்து ஆளாக்கினது அவரோட அக்கா. பக்கவாதம் வந்து அக்காவுக்குப் பேச்சு போச்சு. வலது கை மட்டும் அசையும். தம்பி சும்மா இருப்பாரா? கட்டில் பக்கத்துல ஒரு கம்ப்யூட்டர் வெச்சார். திரையில ஒரு விண்டோ, அதுல ரெண்டே பட்டன். ‘வா’. இன்னொண்ணு, ‘ஒண்ணுமில்ல, வேலையப் பாரு’. மவுஸ் விண்டோவுக்குள்ள நுழைஞ்சாலும், அமுக்கினாலும், வெளியே போனாலும், ஒவ்வொண்ணும் ஒரு சேதியா மாடியில இருக்கிற அவர் புரோகிராமுக்கு வரும். எதை எடுக்கணும், எதை விடணும்னு புரோகிராம் முடிவு பண்ணும். ‘வா’ன்னா மணி அடிக்கும்.

அக்கா சும்மா சும்மா கூப்பிடுவாங்க. ஒருநாள் வீட்டு மாடியில இருந்தே முக்கியமான ஆபீஸ் மீட்டிங். பிராக்கெட்டுக்கு எரிச்சல். ஒரே ஒரு வரி சேர்த்தார்: கிளிக் வந்தா தூக்கிப் போடு.

மீட்டிங் முடிஞ்சும் அந்த வரியை எடுக்க மறந்தே போயிட்டார். சாயங்காலம் கீழே போனா... அக்கா உயிர் போயிருந்துச்சு. கை மவுஸ் மேல.

“கூப்பிடவே இல்லையா?” மனைவி அழுதாங்க.

“இல்ல.”

அந்தப் பொய் மனுஷனை அரிச்சுத் தின்னுச்சு. சாப்பாடு இறங்கலை, தூக்கம் பிடிக்கலை.

ஒரு மாசம் போச்சு. அந்த வரி யார் கண்ணிலயாவது பட்டுடுமோன்னு பயம். ஒரு மத்தியானம் அழிக்க உட்கார்ந்தார். லிஸ்ப்ல ஒரு வசதி, ஓடுற புரோகிராமை நிறுத்தாமலே மாத்தலாம். மாத்தினார்.

டிங்.

பழைய கிளிக் எங்கயோ தேங்கியிருக்கும்னு நினைச்சார். தூக்கிப் போட்டது எப்படித் தேங்கும்? திரையில வரி வரியா விழுற சேதிகளைப் பார்த்தார். மவுஸ் உள்ளே வந்தது. ‘வா’. நேரம்... இப்போ.

டிங். ‘வா’.

டிங்...

விழுந்தடிச்சு கீழே ஓடினார். கட்டில் காலி. திரையில அம்பு ‘வா’ மேல நின்னுது.

“வந்துட்டேன்க்கா... மன்னிச்சிடுக்கா. நான்தான் வராம பண்ணினேன்.”

அம்பு மெல்ல நகர்ந்துச்சு. அடுத்த பட்டன்.

கிளிக்.

ஒண்ணுமில்ல, வேலையப் பாரு.

மனைவிகிட்ட எல்லாத்தையும் சொல்லி அழுதார். அவங்க பீரோவைத் திறந்தாங்க. உள்ளே அக்காவோட மவுஸ். ஒயரைச் சுத்தி வெச்சிருந்துச்சு.

“அக்கா போன மறுநாளே கழட்டிட்டேனே...”

அந்தப் புரோகிராம் இன்னும் ஓடுது. நிறுத்த அவருக்குக் கை வரலை. அந்தச் சேதிகள்ல மவுஸ் உள்ளே வந்ததுன்னு ஒரு வரி இருக்கு. வெளியே போனதா இன்னிக்கு வரைக்கும் ஒரு வரியும் வரலை.