மசக்கை என்று நினைத்தோம்

என் மனைவி நூற்றெட்டு கிலோ இருந்தாள். இதை வெளியில் சொல்ல எனக்குத் தயக்கமில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் முன்னால் அவளே சொல்லிவிடுவாள். "நூத்தியெட்டு நல்ல நம்பருதான், கோயில்ல சுத்துற நம்பரு" என்பாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் முகத்தைச் சுளித்தால், "உன் மேல எதிர்க்காத்து அடிக்காம மறைச்சிகினு கீறேன், தேங்க்ஸ் சொல்லு" என்று கேட்பாள். அவள் முத்தாபுதுப்பேட்டைக்காரி. நான் திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஆவடிக்கு ஃபேக்டரி வேலைக்கு வந்து, குவார்ட்டர்ஸில் குடியேறியவன். கல்யாணமான புதிதில் அவள் பேசுவதில் பாதி எனக்குப் புரியாது. புரிய ஆரம்பித்த பிறகு பதில் சொல்ல முடிந்ததில்லை.

எங்களுக்கு எட்டு வருடமாகக் குழந்தையில்லை. அவளுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வராது. தள்ளிப்போகும்போதெல்லாம் நம்பிக்கையோடு லேபுக்குப் போவோம், இல்லை என்ற சீட்டை வாங்கிக்கொண்டு திரும்புவோம். ஐந்தாவது முறையோ ஆறாவது முறையோ, "இனிமே அந்த லேப் படிய மிதிக்க மாட்டேன்யா" என்று சொல்லிவிட்டாள். நானும் வற்புறுத்தவில்லை. குழந்தை வேண்டும் என்று நான் அவளிடம் வாய்விட்டுக் கேட்டதே கிடையாது. ஆனால் கல்யாண வீடுகளில் யார் பிள்ளையைத் தூக்கினாலும் திருப்பிக் கொடுக்க எனக்கு மனசு வராது. அதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

எடை குறைந்தால் எல்லாம் சரியாகும் என்று லேடி டாக்டர் சொன்னார். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று எங்கள் வீட்டில் ஆறு மாதம் கொள்ளு ரசம், கொள்ளுச் சுண்டல், கொள்ளுத் துவையல். அவள் ஒரு கிலோ குறையவில்லை, நான் நான்கு கிலோ குறைந்தேன். கடைசியில் தொண்ணூறுகளின் முடிவில், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒரு சர்ஜன் நகரத்தில் வயிற்றைச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்கிறார் என்று கேள்விப்பட்டு, அவளாகவே போய்ப் பார்க்கலாம் என்றாள். ஃபேக்டரியில் நண்பர்கள் சிரித்தார்கள். "வயித்துக்கு எதுக்குடா தையல், வாய்க்குப் போட்டா போதாதா?" என்றான் ஒருவன். அவனோடு நான் ஒரு மாதம் பேசவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரைப்பையின் மேல்பக்கத்தில் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு சின்னப் பையைப் பிரித்து, அதன் வாசலை ஒரு பட்டை போட்டுக் குறுக்கியிருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது சர்ஜன் ஒரு தாளைக் கொடுத்து, இரண்டு விஷயத்தை வாயாலும் சொன்னார். விட்டமின் மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது. இரண்டு நாளுக்கு மேல் வாந்தி நிற்கவில்லை என்றால் எதையும் யோசிக்காமல் வர வேண்டும். நான் பள்ளிப் பையன் போலத் தலையாட்டினேன்.

முதல் ஒன்றரை மாதம் ஆனந்தம். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆவடி ஸ்டேஷனுக்குப் போய் எடை மெஷினில் காசு போடுவோம். விளக்குகள் மின்னி, சக்கரம் சுற்றி, டொக்கென்று அட்டை விழும். தொண்ணூற்றொன்பது என்று விழுந்த அன்று பிளாட்பாரத்தில் நின்று கைதட்டினாள். தொண்ணூற்று மூன்று விழுந்த அட்டையின் பின்பக்கத்தில், விரைவில் சுபச்செய்தி வரும் என்று அச்சடித்திருந்தது. மெஷினுக்கு என்ன தெரியும் என்று நான் சிரித்தேன். ஆனாலும் அந்த அட்டையைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

அந்த வாரம்தான் வாந்தி ஆரம்பித்தது. காலையில் இட்லியை வாயில் வைத்தாள், குளியலறைக்கு ஓடினாள். மறுநாளும் அப்படியே. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அக்கா அரிசி களைந்துகொண்டே சத்தத்தைக் கேட்டுவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தார். நான்கு பெற்றவர். அவளை மேலும் கீழும் பார்த்தார். "எத்தினி நாளாச்சு குளிச்சு?" என்று கேட்டார். என் மனைவி கடைசியாக மாதவிலக்கு வந்த நாளிலிருந்து விரல்விட்டு எண்ணினாள். ஐம்பது நாளுக்கு மேல் ஆகியிருந்தது. அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். "இனிமே தண்ணி கொடத்த நீயே தூக்கு தம்பி. மூணு மாசம் முடியற வரைக்கும் ஒருத்தர் கிட்டயும் மூச்சு வுடாத, கண்ணு பட்டுடும். கண்ட மாத்திரையும் போடக்கூடாது, புள்ளைக்கு ஆவாது."

நான் அப்படியே கேட்டேன். சர்ஜன் சொன்னது எழுதிய தாளாக அலமாரியில் இருந்தது, அக்கா சொன்னது தேனாகக் காதில் இறங்கியது. அன்றைக்கே விட்டமின் மாத்திரையை நிறுத்தினோம். யாரிடமும் சொல்லக்கூடாது என்றால் சர்ஜனிடமும் சொல்லக்கூடாது என்று ஆகிவிட்டது. அந்த மாதம் அவரைப் பார்க்கப் போக வேண்டிய தேதியையும் தள்ளிப்போட்டேன். எக்ஸ்ரே எடுக்கிறேன் என்று ஏதாவது செய்துவிட்டால்? லேபுக்குப் போகலாமா என்று ஒரு முறை கேட்டேன். "வேணாம்யா, இருக்கறபடி இருக்கட்டும்" என்றாள். எனக்கும் அந்தச் சீட்டைப் பார்க்கப் பயம்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த மூன்று வாரம் நான் சந்தோஷமாக இருந்தேன். ஒரு குடத்தை இடுப்பிலும் இன்னொன்றைத் தோளிலும் வைத்துத் தண்ணீர் தூக்கினேன். குழாயடியில் பெண்கள் சிரித்தார்கள். ஷிஃப்ட் முடிந்து வரும்போது மாங்காய், பலாச்சுளை, விளாம்பழம் என்று தினமும் ஏதாவது வாங்கி வந்தேன். உள்ளே அவள் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். உலகத்தில் எந்தப் புருஷன் பெண்டாட்டி வாந்தி எடுப்பதைக் கேட்டுச் சிரித்திருப்பான்? நான் சிரித்தேன்.

அப்போதே பார்த்திருக்க வேண்டிய ஒன்றும் இருந்தது. மசக்கைக்காரிக்கு வாசனையே ஆகாது என்பார்கள். இவளோ அக்கா வீட்டில் மீன் வறுத்தால் ஜன்னல் பக்கம் மூக்கை நீட்டி, "இன்னா வாசனையா கீது" என்று எச்சில் விழுங்குவாள். ஒரு துண்டு வாங்கித் தின்பாள். ஐந்து நிமிடத்தில் அது அப்படியே வெளியே வரும். அவள் சாப்பாட்டை வெறுத்துத் தள்ளவில்லை, அதுதான் உள்ளே இறங்கவில்லை. முதலில் இட்லி தங்கவில்லை, பிறகு கஞ்சி தங்கவில்லை, மூன்றாவது வாரக் கடைசியில் வெறும் தண்ணீரும் தங்கவில்லை.

துவண்டு போனவளை மெயின் ரோட்டுக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். அந்தக் காலத்தில் சோர்வு என்று போனால் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். ஏற்றாவிட்டால் நாமே கேட்டு ஏற்றிக்கொள்வோம், அப்போதுதான் வைத்தியம் பார்த்த திருப்தி. ஆபரேஷனைப் பற்றி நான் அங்கே வாயைத் திறக்கவில்லை. முழுகாமல் இருக்கிறாள், வாந்தி என்று காதோடு காதாகச் சொன்னேன். டாக்டரும் பாவம், பாட்டிலை மாட்டினார்.

மறுநாள் காலை அவள் எழுந்து நடந்தபோது கால்களை அகட்டி வைத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். காபி டம்ளரை அடுப்பு மேடையில் வைப்பதாக நினைத்து மேடைக்குப் பக்கத்தில் வைத்தாள். டம்ளர் கீழே விழுந்தது. "இன்னாயா, வாசல்ல ரெண்டு பால்காரன் நிக்கிறான்?" என்றாள். ஒருவர்தான் நின்றுகொண்டிருந்தார். கிட்டே போய் அவள் முகத்தைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு கருவிழிகளும் நடுங்கிக்கொண்டிருந்தன. நான் பேசப் பேச, இன்று என்ன கிழமை என்று மூன்று முறை கேட்டாள்.

எந்தக் குழந்தை தாயின் கண்ணை ஆட்டும்? அலமாரியில் இருந்த தாளை எடுத்துக்கொண்டு எஸ்டிடி பூத்துக்கு ஓடினேன்.

சர்ஜன் போனுக்கு வந்ததும், அந்த நிலையிலும் முதலில் நான் சொன்னது, "சார், நல்ல சேதி, அவ முழுகாம இருக்கா" என்றுதான்.

"யார் டெஸ்ட் பண்ணாங்க?" என்றார்.

"யாரும் பண்ணலை சார். மூணு வாரமா வாந்தி. இப்ப நடக்க முடியலை. கண்ணு ஆடுது. ஒண்ணு ரெண்டாத் தெரியுதாம்."

"மாத்திரை சாப்பிடறாங்களா?"

"நிறுத்திட்டோம் சார்."

"உடனே கூட்டிட்டு வாங்க. வழியில எங்கேயும் குளுக்கோஸ் மட்டும் ஏத்த விடாதீங்க."

"நேத்தே ஏத்தியாச்சு சார்."

"இப்பவே கிளம்புங்க" என்று போனை வைத்துவிட்டார்.

அதற்குள் அக்கா ஓர் ஆட்டோவைக் கூப்பிட்டு நிறுத்தியிருந்தார். அவளைத் தூக்கி ஏற்றினோம். அம்பத்தூர் எஸ்டேட் ரோடு அப்போது குண்டும் குழியுமாக இருக்கும். ஆட்டோக்காரர் ஒவ்வொரு பள்ளத்திலும் பிரேக்கை மிதித்து, குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிற பக்குவத்தில் இறக்கி ஏற்றினார். சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள்.

"கொஞ்சம் வேகமா போங்கண்ணே" என்றேன்.

"எப்டி சார் போறது? இந்தக்கா மாசமா கீதுன்னு அந்தம்மா சொல்லி அனுப்ச்சாங்க. தூக்கிப் போட்டா ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடும்."

அவள் என் தோளில் சாய்ந்திருந்தாள். விழித்திருக்கிறாளா, கேட்கிறாளா என்று தெரியவில்லை. எட்டு வருடமாகக் காத்திருந்து, மூன்று வாரமாக என் உடம்பெல்லாம் நிறைந்திருந்த ஒரு நினைப்பை நான் என் வாயாலேயே அடித்து நொறுக்க வேண்டியிருந்தது.

"மாசமெல்லாம் இல்லண்ணே. உசுருக்கு ஆபத்து. நீங்க போங்க" என்றேன்.

அவர் கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் அந்த ஆட்டோ பறந்தது. தலை மேலே இடித்ததும் எனக்கு உறைக்கவில்லை. அழுதுகொண்டே போனேன்.

ஆஸ்பத்திரியில் கூட்டம் கூடவில்லை, பெரிய மெஷின் எதுவும் வரவில்லை. நர்ஸ் சின்னச் சின்ன ஆம்பூல்களை உடைத்து, நரம்பில் ஊசி போட்டார். வெறும் பி-ஒன் விட்டமின். குறுக்கிய வாசல் மேலும் சுருங்கி அடைத்துக்கொண்டிருக்கிறது என்று சர்ஜன் விளக்கினார். சாப்பாடும் இல்லை, மாத்திரையும் இல்லை. உடம்பில் இருந்த கொஞ்ச நஞ்ச பி-ஒன்னையும் குளுக்கோஸ் தின்று தீர்த்துவிட்டது. இன்னும் ஓரிரு நாள் விட்டிருந்தால் புத்தி பேதலித்து, உயிரே போயிருக்கும் என்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "கண்ணு ஆடறதைப் பார்த்தீங்களே, அதுவரைக்கும் நல்லது" என்றார். எனக்கு அதுவே திட்டாக இருந்தது.

சாயங்காலம் லேப் சீட்டும் வந்தது. கர்ப்பம் இல்லை. மடித்து வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அவள் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். விழிகள் நிலையாக நின்றன. "இப்போ நீ ஒருத்தன்தான் கீற" என்றாள். "நேத்து ரெண்டு பேரு அழுதுகினு இருந்தீங்க. ஒருத்தனையே சமாளிக்க முடியல, இதுல இன்னொருத்தனான்னு பயந்துட்டேன்." வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். அதற்கு முன்னும் பின்னும் அப்படிச் சிரித்ததில்லை.

நான்கு நாளில் தொண்டை வழியாக டியூப் விட்டு அந்த வாசலை அகலப்படுத்தினார்கள். முதலில் தண்ணீர் தங்கியது, பிறகு மோர். கால்கள் மட்டும் தள்ளாடின. அது சரியாக மாதங்கள் ஆகும் என்றார்கள். அதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்தச் சீட்டை எப்படிச் சொல்வது என்பதுதான் பாரமாக இருந்தது. ஆட்டோவில் நான் சொன்னது அவளுக்கு நினைவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று ஒரு வாரம் ஓட்டினேன்.

ஒரு மத்தியானம் அவளே ஆரம்பித்தாள். "இன்னாயா, மூஞ்ச தூக்கி வெச்சிகினு? புள்ள இல்லன்னு சொல்றதுக்குத்தான?"

மடித்து வைத்திருந்த சீட்டை எடுத்து நீட்டினேன்.

"எனுக்கு அப்பவே தெரியும். ரெண்டாவது வாரமே நான் ஊட்டுக்கு தூரமாயிட்டேன். சொல்லலாம்னு வாசலுக்கு வந்தேன். நீ பலாச்சொளைய ரெண்டு கையிலயும் வெச்சிகினு சிரிச்சிகினு வந்த. அந்தச் சிரிப்ப பாத்துட்டு எப்டியா சொல்லுவேன்? இன்னும் ரெண்டு நாள் போவட்டும், இன்னும் ரெண்டு நாள் போவட்டும்னு வுட்டுட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கையை ஓங்கிக் கட்டில் கம்பியில் அடித்தேன். "பைத்தியமாடி உனக்கு? குழந்தை வேணும்னு ஆசைதான், இல்லைங்கலை. ஆனா நீ இல்லாம அதை வச்சு நான் என்ன பண்ணுவேன்? எனக்கு முதல்ல நீதான். நீ இருந்தா போதும்."

சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டாள்.

"இத எட்டு வருசத்துல ஒரு தபா சொல்லியிருந்தா, நான் வயித்த அறுத்துகினு இருப்பேனா?"